அடுப்படியில் ஒரு நிறுத்தச் சொல்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். அம்மாவோடு ஏறும்போதெல்லாம் எனக்கு வேறொரு கணக்குத்தான் ஓடும். இந்த 365இல் அம்மா சமைக்காத நாள் ஏதாவது உண்டா? காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து ரசம் வைத்தவர் அவர். ஆடிக் கிருத்திகைக்கு உறவினர்கள் காவடியோடு வந்து இறங்கினால், விடியும் முன்பே மூட்டிய அடுப்பு இரவு பத்து மணிக்குத்தான் அணையும். அப்பா ஒருநாளும் அம்மாவை அதட்டியதில்லை. "இன்னிக்கு என்ன?" என்று கேட்பார், அவ்வளவுதான். அதட்டத் தேவையே இல்லாத அளவுக்கு எல்லாம் முன்பே முடிவாகியிருந்தது.

இங்கிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் இளம் தோழி ஒருத்தி, சென்ற ஆண்டு தன் காதலைப் பற்றிச் சொன்னாள். சனி, ஞாயிறுகளில் அவள் காதலன் வீட்டில் இருப்பாள். அந்த இரண்டு நாளும் என்ன சமைக்க வேண்டும் என்பதை அவன்தான் சொல்வான். அவள் சமைத்துப் பரிமாறி, அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவாள். "எனக்கு அது பிடிச்சிருக்கு அக்கா" என்றாள்.

"இதைத்தானேடி எங்கம்மா ஐம்பது வருஷமா செய்றாங்க?" என்று பட்டென்று கேட்டுவிட்டேன்.

"உங்கம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா அக்கா?" என்றாள் அவள்.

வயது வந்த இருவர் உட்கார்ந்து பேசி, எதுவரை போகலாம், எது கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டு, ஒருவர் ஆணையிட மற்றவர் அடங்கும் உறவு அவர்களுடையது. பிடிஎஸ்எம் என்ற பெயரை நம் மாணவிகள் பலர் ஆங்கில நாவல்களிலும் இணையத் தொடர்களிலும் கேட்டிருப்பார்கள். அதில் 'சேஃப் வேர்ட்' என்று ஒன்று உண்டு. நிறுத்தச் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். அடங்கியிருப்பவர் அதைச் சொன்ன நொடியில் எல்லாம் நிற்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. தோழிக்கும் அப்படி ஒரு சொல் இருந்தது. ஒரு சனிக்கிழமை கோங்குரா வதக்கிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாளாம். அவன் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தான்.

ஒரே வேலையை என் அம்மாவும் செய்கிறார், இவளும் செய்கிறாள். ஒன்றை அடிமைத்தனம் என்றும் மற்றதை விருப்பம் என்றும் எதை வைத்துப் பிரிப்பது? சம்மதத்தை வைத்து என்று சொல்லிவிடலாம். ஆனால் சம்மதம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை நம் கதைகளிலேயே கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். வள்ளியை மணந்த முருகன் அவளோடு வந்து தங்கிய மலை தணிகை. கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தில், தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் கிழவராக வந்து பசி என்கிறார். அவள் தேனும் தினைமாவும் தருகிறாள். தாகம் என்றதும் சுனையைக் காட்டுகிறாள். அடுத்து அவர் காதலைக் கேட்கிறார். அவள் கடிந்துகொண்டு திரும்பி நடக்கிறாள். நான் சின்ன வயதில் கேட்ட எந்தக் கதாகாலட்சேபத்திலும் இந்த இடத்தில் யாரும் நின்றதில்லை. ஆனால் பெண்களுக்கு இந்த இடம் முக்கியம். உணவு தருவேன், அதற்காக என்னையே தருவேன் என்று பொருளில்லை என்கிறாள் வள்ளி. அவள் கொடுத்தது அவளே காத்த புனத்துத் தினை. கொடுக்கவும் கொடுக்காதிருக்கவும் அவளுக்கு முடிந்தது.

அடுத்து யானை வருகிறது. முருகன் அண்ணனை நினைக்க, விநாயகர் யானையாக வந்து மிரட்டுகிறார். பயந்துபோன வள்ளி ஓடிவந்து கிழவரைத் தழுவிக்கொள்கிறாள். பிறகு முருகன் தன் உண்மை உருவைக் காட்ட, அவளும் மகிழ்கிறாள். இறைவனின் திருவிளையாடல் என்று பக்தர்களுக்கு அதில் குறையில்லை. அருணகிரிநாதரோ முருகனை வள்ளியின் காலடியில் பணிபவராகவே பலமுறை பாடினார். கடவுளே அடங்குவதைத் தமிழ் பக்தி மரபு ரசித்திருக்கிறது. ஆனால் கதையாகப் படிக்கும் நமக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுனையருகே அவள் சொன்ன மறுப்பு ஏன் செல்லவில்லை? யானையின் முன்னால் சொன்ன "சரி" ஏன் செல்லுபடியானது?

நம் திருமணங்களில் அந்த யானைக்குப் பல பெயர்கள். ஊர் என்ன சொல்லும், தங்கைக்கு எப்படி வரன் வரும், குழந்தையை எங்கே கொண்டுபோவாய், கையில் காசு இருக்கிறதா. சட்டமும் இந்த யானைக்கு நிழல் தருகிறது. 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்னும் விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. ஒருமுறை கழுத்தை நீட்டினால் வாழ்நாள் முழுவதற்கும் சம்மதம். நிறுத்தச் சொல்லுக்கு அதில் இடமே வைக்கவில்லை. சமையலுக்கும் இதே தர்க்கம்தான். மத்திய அரசின் 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இந்தப் பெண்களில் எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்?

சமையலையும் ஆதிக்கத்தையும் நேரடியாகப் பின்னிய படம் ஒன்று உண்டு. பால் தாமஸ் ஆண்டர்சனின் 'ஃபேன்டம் த்ரெட்' (2017). லண்டனின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ரெனால்ட்ஸ், உணவகத்தில் பரிமாறும் அல்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறார். அங்கே எல்லாம் அவர் சட்டம். காலை உணவின்போது சத்தம் வரக்கூடாது, காய் இன்னபடி இருக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காத வகையில், வெண்ணெயில் காயைச் சமைத்து வைக்கிறாள் அல்மா. பெரிய சண்டை வருகிறது. பிறகு அவருக்குத் தெரியாமல் தேநீரில் நச்சுக் காளானைக் கலக்கிறாள். படத்தின் கடைசியில் அதே காளானை ஆம்லெட்டில் போடுகிறாள். இம்முறை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், தெரிந்தே மென்று விழுங்குகிறார்.

இதை இருவரும் விரும்பி ஆடும் ஆட்டம் என்று கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஆம்லெட்டில் சம்மதம் இருக்கிறது, தேநீரில் இல்லை. பெண் செய்தாள் என்பதற்காக நாம் அளவுகோலை வளைக்கக் கூடாது. ஆனால் அவள் ஏன் காளானைத் தேடிப் போனாள் என்றும் கேட்க வேண்டும். வீடும் தொழிலும் பணமும் அவருடையவை. அவள் பேசியபோது யாரும் காது கொடுக்கவில்லை. நிறுத்தச் சொல் தரப்படாத வீட்டில் அந்த வேலையை விஷம் செய்தது.

நம் வீடுகளில் விஷம் வைப்பதில்லை. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் வரும் மூத்த பெண்களுக்கு இருட்டான அந்தச் சமையலறைதான் ராஜ்ஜியம். அதை யார் ஆள்வது என்பதிலேயே அவர்கள் ஆயுள் கரைகிறது. என் அம்மாவும் மருமகளை அடுப்புப் பக்கம் லேசில் விடமாட்டார். அதை அன்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வெளியேற வழியில்லாத இடத்தில் கிடைக்கும் அதிகாரத்தைப் பெண்கள் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அம்பையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தோழியின் கதைக்கு வருகிறேன். சில மாதம் கழித்து மீண்டும் வந்தாள். முகம் தெளிவாக இல்லை. அவன் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறான். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அவனோடு இருக்க வேண்டும். வங்கி அட்டை அவனிடம் இருக்கட்டும், தேவையானதை அவன் தருவான். "முழுசா ஒப்படைக்கிறதுன்னா இதுவும்தானே அக்கா? எனக்கும் கொஞ்சம் ஆசையாத்தான் இருக்கு" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு உரிமையில்லை. படுக்கையிலும் அடுப்படியிலும் ஒரு பெண்ணுக்கு எது இன்பம் தர வேண்டும் என்று பெண்ணியம் பாடத்திட்டம் போட முடியாது. அடங்குவதில் இன்பம் காண்பவளை ஏமாளி என்று முத்திரை குத்துவதும் அவள் சொல்லைக் கேட்காமல் விடுவதுதான். ஆனால் சமையலை ஒப்படைப்பதும் சம்பளத்தை ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்று அவளிடம் சொன்னேன். சமையலில் நிறுத்தச் சொல் சொன்னால் அடுப்பு அணையும், பரோட்டா வரும். அட்டையைக் கொடுத்து ஓராண்டு கழித்து அதே சொல்லைச் சொன்னால், எந்த வீட்டுக்குப் போவாய், முன்பணம் யார் கொடுப்பது? 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். வீட்டு வேலையும் உழைப்புதான் என்று அரசு ஒப்புக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பணத்தில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்காது. இன்று நீ மனமுவந்து சொல்லும் "சரி"யை நாளை திரும்பப் பெறுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவுக்கான பணம் உன் கையில் இருக்கும்வரைதான் அது சம்மதம்.

"அவன் நல்லவன் அக்கா" என்றாள்.

"எங்கப்பாவும் நல்லவர்தான்டி" என்றேன்.

அவள் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் அவனிடம் அட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டானாம். முறுக்கிக்கொண்டதை அவள் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் நல்லதுதான். உறவு தொடர்கிறது. சனிக்கிழமை சமையல் அவன் சொல்படிதான். திங்கட்கிழமை காலை சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறாள்.