அட்வான்ஸ் கட்டிய கட்டில் யாருடையது?

கொழும்பில் அளவுக்குச் செய்வித்த மரத் தளபாடம் வேண்டுமென்றால் முதலில் கைமாறுவது பணம்தான். காட்சியறையில் நிற்பது வெறும் மாதிரி. வாங்க வந்தவர் அளவு சொல்கிறார், மரம் சொல்கிறார், பொலிஷ் நிறத்தைத் தேர்கிறார். கடைக்காரர் பில் புத்தகத்தில் நாலு வரி எழுதிப் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொள்கிறார். அந்த நேரத்தில் கட்டில் என்று ஒன்று எங்கேயும் இல்லை. மொறட்டுவையில் ஏதோ ஒரு பட்டறையில் அது பலகையாகக் கிடக்கலாம். பலகையே இன்னும் வாங்கப்படாமலும் இருக்கலாம்.

இந்த வழக்கத்தைக் குறைசொல்வதற்கு முன் அது ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் அடுக்குமாடிகள் நெருக்கமாக எழும்பியிருக்கின்றன. அவற்றின் லிஃப்டுக்குள் ஆறடி அலுமாரி நுழையாது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் மாடிப்படி திரும்பும் இடத்தில் சாப்பாட்டு மேசை சிக்கிக்கொள்ளும். ஆகவே கழற்றிப் பூட்டும்படி, அறைக்கு ஏற்ற அளவில் செய்விப்பதே வசதி. மறுபக்கத்தில் தச்சர் இருக்கிறார். மரத்தை அவர் ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். பிணை கொடுக்கக் காணியோ கட்டடமோ இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. வாடிக்கையாளரின் அட்வான்ஸ்தான் அவருடைய முதல். அந்த முதல் இல்லாவிட்டால் சிறு பட்டறைகள் பல எழுந்தே இருக்காது. தளபாடச் சந்தை முழுவதும் நாலைந்து பெரிய கம்பனிகளின் கைக்குப் போயிருக்கும்.

வாங்குபவருக்கும் இதில் இலாபம் உண்டு: விலை அன்றே நின்றுவிடுகிறது. ஆனால் வழக்கத்தின் பலவீனமும் அந்த இடத்திலேயே தொடங்குகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. இறக்குமதிப் பலகை, பூட்டு, கீல், பொலிஷ் எல்லாம் விலையேறிய அந்த மாதங்களில் பழைய விலையில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பில்லும் கடைக்கு நட்டம். வாங்குபவரைக் காப்பாற்றிய நிலையான விலைதான் கடையின் கழுத்தில் சுமையாக ஏறுகிறது. அப்படிப்பட்ட கடை இன்று வரும் அட்வான்ஸை எடுத்து நேற்றைய ஓடரை முடிக்கப் பார்க்கும். அதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசையின் கடைசியில் நிற்பவரின் பணம் போய்விடும்.

முதலில் சிறிய கேட்டைப் பார்ப்போம். கடை திறந்திருக்கிறது, பொருள் பிழையாக வருகிறது. தேக்கு என்று எழுதியது வேறு மரமாக இருக்கிறது, ஐந்தடி கேட்ட கட்டில் நாலரை அடியாக வந்திருக்கிறது. இந்த நிலையில் இலங்கைச் சட்டம் வாங்குபவரைக் கைவிடவில்லை. பிரித்தானியரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1896 இல் இயற்றப்பட்ட பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விவரணம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும்; மாதிரியைக் காட்டி விற்றால் மாதிரியை ஒத்திருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் வாங்குபவர் மறுக்கலாம். கடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் அதில் உண்டு: மறுத்த பொருளைத் திருப்பி அனுப்பி வைப்பது வாங்குபவரின் கடமை அல்ல. ஏற்கவில்லை என்று விற்றவருக்கு அறிவித்தால் போதும். லொறிக் கூலியை யார் கொடுப்பது என்ற வாக்குவாதத்திலேயே முறைப்பாட்டைக் கைவிடுகிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் கேட்பதும் உரிமைதான். லொறிக்காரர் நீட்டும் தாளில் ‘சரிபார்த்துப் பெற்றேன்’ என்ற வரிக்குக் கீழே பொதியைப் பிரிக்காமல் கையெழுத்திடுபவர் அந்த உரிமையைத் தானே பலவீனப்படுத்துகிறார்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு மேல் ஓர் அமைப்பையும் தந்தது: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. சொன்ன உத்தரவாதத்துக்கோ, சொல்லாமலே புரிந்துகொள்ளப்படும் உத்தரவாதத்துக்கோ பொருந்தாத பொருளை விற்றால், சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். உத்தரவை வியாபாரி மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் அந்தத் தொகையைத் தண்டப்பணம்போல அறவிடும். வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல் ஒரு சாதாரணக் குடும்பம் எட்டக்கூடிய வழி இது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் தளபாடத்தின் இயல்பு இந்தச் சட்டத்தின் அளவுக்குள் அடங்குவதில்லை. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரஷர் குக்கர் கெட்டால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். சரியாகக் காயாத மரம் அப்படியல்ல; ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் கண்ட பிறகுதான் இழுப்பறை இறுகும், கதவு கோணும், உள்ளே உளுத்த மா கொட்டும். அட்வான்ஸ் கட்டிய நாளையே விற்பனை நாள் என்று கடைக்காரர் வாதிட்டால் பட்டறையில் கழிந்த காலமும் அந்த மூன்று மாதத்தைத் தின்றுவிடும். குறைந்தபட்சம் இந்தக் கெடுவையாவது பொருள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடும்படி திருத்த வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

இத்தனை உரிமைகளும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: எதிரே பதில் சொல்ல ஒரு கடை இருக்க வேண்டும்.

கடை மூடிவிட்டால் கேள்வி முழுவதும் மாறுகிறது. பொருள் நன்றா, பிழையா என்பது அங்கே எடுபடாது. பட்டறையில் அரைகுறையாக நிற்கும் கட்டில் யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி. 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இன்ன பொருள் இன்னாருக்கு என்று இனங்காணப்படாதவரை உடைமை கைமாறாது. ஐந்து பேருக்காக ஐந்து கட்டில்கள் செய்யப்பட்டு எதிலும் யாருடைய பெயரும் ஒட்டப்படாமல் நின்றால், ஐந்தும் கடையின் சொத்து. கொடுத்த அட்வான்ஸும் கடையின் கணக்கில் கலந்துவிட்ட பணம். அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. பணம் கட்டியவர் சட்டத்தின் கண்ணில் வெறும் கடன் கொடுத்தவர் ஆகிறார், அதுவும் பிணையில்லாத கடன்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வரிசையை வகுத்திருக்கிறது. ஈடு வாங்கிய வங்கி தன் ஈட்டைப் பிடித்துக்கொள்ளும். கம்பனியை முடிவுறுத்தும் செலவு, ஊழியர்களுக்குச் சேர வேண்டியவை, வரிப் பாக்கி ஆகியவற்றுக்கு முன்னுரிமை. தச்சர்களின் சேமலாப நிதி முன்னே வருவது சரியானதே. அதை யாரும் குறைசொல்லக்கூடாது. அவர்களுக்கெல்லாம் பின்னால், மரம் கொடுத்த ஆலையோடும் அச்சடித்துக் கொடுத்த கடையோடும் சேர்ந்து கட்டிலுக்குப் பணம் கட்டியவர் நிற்கிறார். மர ஆலைக்காரர் கடன் கொடுப்பதன் ஆபத்தைத் தெரிந்து, அதற்கேற்ப விலை வைத்து வியாபாரம் செய்பவர். கட்டிலுக்கு அட்வான்ஸ் கட்டிய கலியாண வீட்டுக்காரர் தான் கடன் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுத்தவர். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய அநீதி.

எதிர்த்திசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதே குடும்பம் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தவணைக்கு எடுக்கப் போனால் கடை அடையாள அட்டை கேட்கும், சம்பளச் சீட்டு கேட்கும், பிணையாளர்களைக் கொண்டுவரச் சொல்லும். வாடகைக் கொள்வனவை ஒழுங்குபடுத்த 1982 ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கடை தன் பொருளைக் கடனாகக் கொடுக்கும்போது இத்தனை காவல். வாடிக்கையாளர் இலட்சக்கணக்கில் தன் பணத்தைக் கொடுக்கும்போது ஒரு பில்.

வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் பணம் வைத்தவருக்கு இந்த நாடு இதைவிட நன்றாகச் செய்திருக்கிறது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி சரிந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு முடங்கியது. 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் வந்தது. 2020 மே மாதத்தில் ‘த ஃபினான்ஸ்’ கம்பனியின் உரிமம் இரத்தானபோது வைப்பாளர் ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரை அத்திட்டத்தில் கிடைத்தது. 2021 இல் அந்த உச்சம் 11 இலட்சமாக உயர்ந்தது. தளபாடக் கடைக்கு அதே தொகையைக் கொடுத்தவருக்கு இப்படி எதுவும் இல்லை. இந்தியா வீடு வாங்குவோர் விடயத்தில் ஒரு படி முன்னேறியது. 2018 இல் நொடிப்புச் சட்டத்தைத் திருத்தி, கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டியவர்களை நிதிக் கடன்கொடுத்தோர் வரிசையில் சேர்த்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

தளபாடத்திலேயே அண்மைய பாடம் வேண்டுமென்றால் இலண்டனுக்குப் போக வேண்டும். இணையத்தில் சோபாவும் கட்டிலும் விற்ற மேட்.கொம் கம்பனி 2021 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 77 கோடி பவுணுக்கும் மேல். 2022 நவம்பரில் அது நொடிப்பு நிர்வாகிகளின் கைக்குப் போனது. பெயரையும் இணைய முகவரியையும் நெக்ஸ்ட் நிறுவனம் 34 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. விநியோகத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஓடர்கள் வீடு வந்து சேர்ந்தன. தூரகிழக்கின் தொழிற்சாலைகளிலும் கப்பலிலும் இருந்தவை வரவில்லை. அங்கேயும் வாங்குபவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்தான். ஆனால் கடனட்டையில் கட்டியவருக்கு ஒரு தனிக் காவல் இருந்தது: 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75 ஆம் பிரிவில், 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு அட்டை வங்கியையும் விற்றவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. கடை விழுந்தாலும் வங்கி நிற்கும் அல்லவா? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் வெள்ளவத்தை வீட்டுக்குக் காசு அனுப்பித் தளபாடம் வாங்குவது வழமை. கொழும்புக் கடையின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பும் பணத்துக்கு அந்தக் காவல் கிடையாது. இங்கே அட்டையில் கட்டினால் விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி வங்கியிடம் பணமீட்பு கேட்கலாம், காலக்கெடுவுக்குள். அது அட்டை நிறுவனங்களின் விதி. சட்டம் தந்த உரிமை அல்ல.

அட்வான்ஸ் பணம் முழுவதையும் தனிக் கணக்கில் பூட்டி வைக்கச் சொல்வது இதற்கு எளிய மருந்துபோலத் தெரியும். அது பட்டறையைக் கொன்றுவிடும். மரம் வாங்கத்தான் அந்தப் பணம். பூட்டிய பணத்தில் மரம் வாங்க முடியாது. ஆகவே இரண்டு வகைக் கடைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் இறக்கிப் படத்தைக் காட்டி விற்கும் காட்சியறைக்குப் பெரிய அட்வான்ஸ் தேவையே இல்லை. அங்கே உச்சவரம்பு விதிப்பது நியாயம். செய்வித்துக் கொடுக்கும் பட்டறைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வழிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உடைமை எப்போது கைமாறுகிறது என்பதை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் தீர்மானிக்கலாம் என்று 1896 ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. ‘இந்த ஓடருக்கென்று ஒதுக்கிப் பெயர் எழுதிய மரமும் அதில் செய்த வேலையும் வாங்குபவருக்கு உரியவை’ என்று பில்லில் ஒரு வரி எழுதலாம். பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல், மரம் வந்ததும் ஒரு பங்கு, சட்டகம் நின்றதும் ஒரு பங்கு என்று பிரிக்கலாம். பட்டறைக்குப் போய்ப் பார்த்தோ, கைத்தொலைபேசியில் படம் வாங்கியோ உறுதி செய்யலாம். ஒரு பொறி இதில் இருக்கிறது. உடைமை கைமாறினால் ஆபத்தும் அதோடு கைமாறும் என்பது அதே சட்டத்தின் பொது விதி. பட்டறை தீப்பிடித்தால் எரிந்தது வாங்குபவரின் கட்டில் ஆகிவிடும். ஆகவே ‘ஒப்படைக்கும்வரை சேதத்துக்குப் பொறுப்பு கடைக்கே’ என்ற இரண்டாவது வரியும் சேர வேண்டும். முடிவுறுத்தும் அதிகாரி இந்த வரிகளைக் கேள்வி கேட்கலாம். ஆனால் பெயர் எழுதிய பலகையும் திகதியிட்ட பில்லும் கையில் இருப்பவர் வெறுங்கையோடு வரிசையில் நிற்பவரல்ல.

பில்லின் தலைப்பையும் பார்க்க வேண்டும். கம்பனி என்றால் முழுப் பெயரும் பதிவு இலக்கமும் இருக்கும். அது விழுந்தால் பங்குதாரர்களின் வீடுவாசலைத் தொட முடியாது. கொட்டாஞ்சேனையில் தனியாள் பெயரில் நடக்கும் சிறு கடை வேறு விதம். அங்கே கடைக்காரரே நேரடியாகக் கடனாளி, அவருடைய சொந்தச் சொத்தும் கணக்கில் வரும். தொகை சிறிதென்றால் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பெரிய கண்ணாடிக் காட்சியறை தரும் நம்பிக்கையைவிட இந்தச் சிறு கடையின் பில் சட்டப்படி கனமானதாக இருக்கக்கூடும். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் அதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு.