ஒரு கிளாஸ் சிவப்பு

1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி. மார்லி சேஃபர் ஒரு கேள்வி கேட்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெய், சீஸ், ஈரல் என்று வெளுத்துக் கட்டுகிறார்கள். ஆனாலும் அமெரிக்கர்கள் அளவுக்கு மாரடைப்பில் சாவதில்லையே, ஏன்? விடை கையிலேயே தயாராக இருந்தது. ஒரு கிளாஸ் ரெட் வைன். தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், அமெரிக்கக் கடைகளில் ரெட் வைன் விற்பனை எகிறிவிட்டது.

டெலிவிஷன் என்ற வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போடலாம். கேள்வி சுருக்கம், விடை அதைவிடச் சுருக்கம். வேடிக்கை என்னவென்றால், அதே 1991 ஜனவரியில் பிரெஞ்சுப் பார்லிமென்ட் டி.வி-யில் மது விளம்பரமே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. ஈரல் கெட்டுச் செத்தவர்களின் கணக்கு அவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியில் வாத்தின் ஈரல் வந்தது, மனுஷன் ஈரல் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, அது பழைய கதைதானே என்பீர்கள். பழைய கதை இல்லை. தூக்கிய அந்த கிளாஸை இன்னும் யாரும் கீழே வைக்கவில்லை. நியூஜெர்சியில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர், வயது 54. “ஹார்ட்டுக்கு நல்லதாம், தினம் ஒண்ணே ஒண்ணு, மருந்து மாதிரி” என்று சிநேகிதிகள் சொல்லி ஆரம்பித்திருக்கிறார். போனில் பேசும்போது என்னிடம் கேட்டார். கேட்டவரின் அம்மா இறந்தது மார்பகப் புற்றுநோயில். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அவருடைய சிநேகிதிகள் சொன்னது முழுப்பொய் இல்லை. 1995-ல் அமெரிக்க நர்ஸுகள் 85,709 பேரைப் பன்னிரண்டு வருஷம் கவனித்த ஆய்வு வெளிவந்தது. அளவோடு குடித்தவர்களிடம் இதய நோய்ச் சாவு குறைவு என்றது. ஆனால் அடுத்த வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. அந்த லாபம் முக்கியமாகத் தெரிந்தது ஐம்பது வயது தாண்டியவர்களிடமும், ஏற்கெனவே இதய நோய் வரக்கூடிய காரணங்கள் உள்ளவர்களிடமும். இளம்பெண்களுக்கு மாரடைப்பு அபாயமே குறைவு. இல்லாத அபாயத்தை எப்படிக் குறைப்பது? அதோடு, கூடுதலாகக் குடித்தவர்கள் மார்பகப் புற்றிலும் ஈரல் சுருங்கியும் அதிகம் இறந்தார்கள் என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

அடுத்த தகராறு ‘குடிக்காதவர்கள்’ யார் என்பதில். குடிக்காத கோஷ்டியில் பிறந்ததிலிருந்து தொடாதவர்களும் இருப்பார்கள், உடம்புக்கு வந்து டாக்டர் மிரட்டியதால் விட்டவர்களும் இருப்பார்கள். இரண்டாவது ரகம் ஏற்கெனவே நோயாளி. அவர்களோடு ஒப்பிட்டால் தினம் ஒரு கிளாஸ் குடிக்கிறவர் பயில்வானாகத்தான் தெரிவார். பிரிட்டனில் ஜெரால்ட் ஷேப்பர் இதை 1988-லேயே சொல்லிவிட்டார். ‘60 மினிட்ஸு’க்கு மூன்று வருஷம் முன்னால்!

எனக்கு ரொம்பப் பிடித்தது டென்மார்க் ஆய்வு. 2006-ல் வந்தது. இரண்டு சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களின் கடைகளில் சுமார் 35 லட்சம் பில்களை எடுத்துப் பார்த்தார்கள். வைன் வாங்கினவர்கள் கூடையில் ஆலிவ், பழம், காய்கறி, கோழி, கொழுப்புக் குறைந்த பால். பீர் வாங்கினவர்கள் கூடையில் சிப்ஸ், சாஸேஜ், வெண்ணெய், சர்க்கரை. நன்றாக இருக்கிற இதயத்துக்கான பாராட்டு வைனுக்கா, கூடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காய்கறிக்கா? பாட்டிலுக்குப் போய்விட்டது பாராட்டு. காய்கறிக்கு ஏது விளம்பர பட்ஜெட்?

ரெஸ்வெரட்ரால் என்று ஒரு சமாசாரம், திராட்சைத் தோலில் இருப்பது. கொழுத்த எலிகளுக்குக் கொடுத்தால் ஆரோக்கியம் கூடி ஆயுளும் நீள்கிறது என்று 2006-ல் ஏக அமர்க்களம். கொடுத்த அளவு, எலியின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 மில்லிகிராம். அறுபது கிலோ பெண்மணிக்கு அதை அப்படியே கணக்குப் போட்டால் 1,300 மில்லிகிராமுக்கு மேல். ஒரு லிட்டர் ரெட் வைனில் இருப்பதோ சில மில்லிகிராம். மீதிப் பெருக்கலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அண்டா வேண்டியிருக்கும். இத்தாலியில் வைனுக்கே பேர்போன கியாந்தியில் 783 முதியவர்களைச் சோதித்து 2014-ல் சொன்னார்கள்: உடம்பில் ரெஸ்வெரட்ரால் அதிகம் இருந்தவர், குறைவாக இருந்தவர், இரு சாராருக்கும் சாவிலோ இதய நோயிலோ வித்தியாசம் இல்லை.

இப்போது அந்த அம்மாளின் விஷயம். பெண் உடம்பில் நீர் விகிதம் குறைவு. அதனால் அதே 150 மில்லி கிளாஸ், அதே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹாலை அதிகம் ஏற்றும். பிரிட்டனில் சுமார் 13 லட்சம் பெண்களை வைத்து நடந்த ‘மில்லியன் விமன்’ ஆய்வு 2009-ல் ஒரு கணக்கு சொன்னது. தினம் ஒரு டிரிங்க், அதாவது 10 கிராம் ஆல்கஹால், கூடினால் 75 வயதுக்குள் ஆயிரம் பெண்களில் கூடுதலாகச் சுமார் 11 பேருக்கு மார்பகப் புற்று. வைன் மட்டுமே குடித்தவர்களுக்கும் கதை இதேதான். புற்றுநோய்க்குச் சிவப்பு, வெள்ளை, பீர் என்ற பேதமெல்லாம் தெரியாது.

முடிவாக நிரூபிக்க ஒரு பெரிய பரிசோதனை நடந்தால் தேவலை. நடத்தப் பார்த்தார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 7,800 பேரைச் சேர்ப்பது என்ற திட்டத்தோடு தொடங்கியது. பணத்தில் பெரும்பகுதி மதுக் கம்பெனிகளுடையது, அதுவும் அதிகாரிகளே போய்க் கேட்டு வாங்கியது என்று தெரிந்ததும் 2018-ல் மூடிவிட்டார்கள். பரீட்சை எழுதுகிறவனே வினாத்தாள் அச்சடிக்கக் காசு கொடுத்த மாதிரி.

சண்டை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் அறிக்கை, அளவாகக் குடிப்பவர்களிடம் இதய நோய்ச் சாவு குறைவாகவே காணப்படுகிறது என்றது. மார்பகப் புற்று அதிகம் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அடுத்த மாதமே அங்கே சர்ஜன் ஜெனரல், மது புற்றுநோய்க்குக் காரணம் என்று எச்சரிக்கை விட்டார். இதயத்துக்கு நல்லது என்று ஒருவேளை நாளைக்கு நிரூபணமே ஆனாலும், மருந்து என்று சொல்லிக் குடிக்கிறவர் மருந்தின் பக்க விளைவையும் கேட்டுவிட்டுத்தானே குடிக்க வேண்டும்? டி.வி-யில் தூக்கிக் காட்டிய கிளாஸில் அந்தத் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கவில்லை. என் புகார் அதுதான்.

அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆசைக்காக எப்போதோ குடிப்பது உங்கள் இஷ்டம், இதயத்துக்காக என்று சொல்லிக் குடிக்காதீர்கள், உங்கள் அம்மா விஷயத்தை டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “டாக்டர்கிட்ட அம்மாவைப் பத்தி நான் சொன்னதே இல்லியே” என்றார். செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறார். ஃபிரிட்ஜில் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறதாம், என்ன செய்ய என்று கேட்டார். சமையலில் ஊற்றுவார்களே என்றேன். “எங்க வீட்ல இன்னிக்கு வத்தக்குழம்பு” என்று போனை வைத்துவிட்டார்.