ஒரு மயிரிழை அகலம்

'லார்ஜ் போர்' டிரம்பெட் என்றால் குழாயே தடியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பாக் கம்பெனிக் கணக்கில் மீடியம்-லார்ஜின் உள்துளை 11.66 மி.மீ., லார்ஜ் 11.73. ஒரு மயிரிழை, அவ்ளோதான். ஆனால் ஊதுகிறவர்களைக் கேளுங்கள். ஒருத்தருக்கு மூச்சு தடையே இல்லாமல் ஓடுகிறது. இன்னொருத்தருக்கோ மூச்சு எதிலும் முட்டாமல் வீணாகிறது, சீக்கிரமே உதடு ஓய்ந்துவிடுகிறது. ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மௌத்பீஸின் தொண்டை பெரும்பாலும் 4 மி.மீ.கூட இருக்காது, அதையும், அதற்கடுத்த லீட்பைப் விரியும் விதத்தையும் தாண்டித்தான் காற்று இந்தத் துளைக்கே வருகிறது.

இந்த உணர்வை அப்படியே தூக்கி, கருவிக்கே 'விரிந்த நாதம்' என்று விமர்சகர்கள் பட்டம் கொடுப்பதுதான் எனக்கு எரிச்சல். தடை தெரிவது ஊதுகிறவரின் நெஞ்சுக்கு, நம் காதுக்கு இல்லை. டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் இருவருமே மார்ட்டின் கமிட்டி வாசித்தவர்கள். டிஸ்ஸி கன்னம் உப்ப உச்சத்தில் நின்று பொரிந்து தள்ளுவார். 1959-இல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 'ப்ளூ இன் க்ரீன்' போட்டுக் கேளுங்கள்: ஹார்மன் மியூட்டால் டிரம்பெட்டின் வாயை அடைத்துவிட்டு, அடுத்த சுரத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று மைல்ஸ் தயங்கிக்கொண்டிருப்பார்.