பேருந்துக்கு உள்ளே

1995 அக்டோபர் 16 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் திரண்டார்கள். அந்தப் பேரணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரே பேருந்தில் போகிறவர்களைப் பற்றி ஸ்பைக் லீ எடுத்த ‘கெட் ஆன் தி பஸ்’ மறு ஆண்டு அதே நாளில் வெளியானது. பேரணிக்கு ஒன்றரை மாதம் முன்பு, ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் தலித் ஊரான கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. நம் தென்சீமைப் படங்களை அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இது போதும்.

பேருந்தே இங்கு ஒரு வரலாறு. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியது. கட்டபொம்மனின் தளபதி அவர், கவர்னகிரிக்காரர், தேவேந்திரர். அந்தப் பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்ப, கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்படித்தான். இதைவிடப் பெரிய திரைக்கதை வேறென்ன வேண்டும்?

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) இந்த மண்ணிலிருந்து வந்தது. நிற்காமல் போகும் பேருந்து, அதன் மேல் விழும் கல், பிறகு ஊருக்குள் இறங்கும் போலீஸ். முதலில் 1997 என்று காட்டிய காலக்குறிப்பு, கொடியங்குளம் நடந்தபோது இருந்த ஆட்சி வேறு என்ற ஆட்சேபத்துக்குப் பின் ‘1990களின் பிற்பகுதி’ என்று மாறியது. ஆண்டைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் படத்தின் கோபத்துக்கு இன்னும் வலு சேர்ந்திருக்கும். ‘வாழை’யில் (2024) வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேல் கூலிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து போகிறார்கள். அந்தப் பயணம் கவிழ்வதை நோக்கித்தான் படம் நகர்கிறது.

ஸ்பைக் லீ வண்டிக்குள் ஏறிவிடுகிறார். நீதிமன்ற உத்தரவால் சங்கிலியில் பிணைந்த அப்பனும் மகனும், போலீஸ்காரர், தன்பாலின இணை, வேலையும் குடும்பமும் இழந்த முதியவர் என எல்லோரும் ஒருவரையொருவர் குதறிக்கொள்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. முதியவர் வழியில் இறந்துபோக, மற்றவர்களில் பலர் பேரணிக்குப் போய்ச் சேரவே இல்லை. பதினைந்து கறுப்பின ஆண்கள் தம் கைக்காசைப் போட்டு எடுத்த படம் அது.

அங்கே ஆண்கள் மட்டும். இங்கே 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணியில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். போலீஸ் விரட்டியடித்ததில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. ஆர்.ஆர்.சீனிவாசனின் ஆவணப்படம் ‘நதியின் மரணம்’ அதற்குச் சாட்சி. அந்தப் படம் இல்லையென்றால் அதிகாரிகள் சொன்னதே வரலாறாகியிருக்கும். ஆனால் அதன் சாட்சியம் தடியடியைப் பற்றியது. தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்தவர்கள் வழியில் என்ன பேசினார்கள் என்பது ஒரு கதைப்படத்தின் வேலை.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தவர்களின் கதையும் அப்படித்தான். கடற்கரை மீனவர்கள், குமாரரெட்டியாபுரத்து விவசாயிகள், வியாபாரிகள், மாணவர்கள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டார்கள். தனித்தனித் தெருவும் தனித்தனிக் கோயிலுமாக வாழும் சாதிகள் அன்று ஒரே சாலையில் நடந்தன. அவர்களுடைய பழைய பகைகள் என்னவாயின, யார் யாரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், எந்த இடத்தில் பேச்சு முறிந்தது என்பதையெல்லாம் நம் இயக்குநர்கள் எடுக்க வேண்டும்.