பிஜி: அழுகைக்கு அப்பால்

பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பிரதியில் பெண்கள் அழுகிறார்கள், பேசுவதில்லை. 'ஹிந்து ஸ்திரீகள்' என்கிற துணைத்தலைப்பு சாதியை மறைக்கிறது. பிஜியின் பூர்வகுடிகளோ கவிதைக்குள்ளேயே இல்லை. மேடைதோறும் பாடி உருகுகிற நாம் இந்த மௌனங்களைக் கண்டுக்கவே இல்லை.

1903 முதல் சென்னையிலிருந்தும் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். 1916இல் அது நின்றது. 1970இல் பிஜிக்கு விடுதலை. பூர்வகுடிகள் தம் மண்ணைக் காத்துக்கொண்டது நியாயம். ஆனா கூலி வம்சத்துக்குப் பெரும்பாலும் குத்தகைதான். அவர்கள் ஓட்டில் வந்த அரசை 1987இல் ராணுவம் கவிழ்த்தது.

நான் இதை எழுதுவது உத்திரமேரூரிலிருந்து. குடவோலைக்கு வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேணும் என்கிறது இங்குள்ள பராந்தகன் கல்வெட்டு. அதைத்தான் ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறோம். நிலமற்றவன் கல்லிலும் இல்லை, கவிதையிலும் இல்லை. கப்பலேறியவர்களுக்காக அழுவது இருக்கட்டும். ஏன் ஏறினார்கள் என்று இந்த மண்ணைக் கேட்போம்.