பாதிரியார் வீட்டுக்குப் போன கடிதம்

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் எதிரியை மட்டும் சுடவில்லை. தன் சொந்தச் சிப்பாய்களையும் கம்பத்தில் கட்டிவைத்துச் சுட்டது. 1914க்கும் 1920க்கும் இடையில் ராணுவ நீதிமன்றங்கள் 3,080 பேருக்கு மரண தண்டனை விதித்தன. அவர்களில் 346 பேர் மீது தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெரும்பாலோர் மீதான குற்றச்சாட்டு ஓடிப்போனது, இல்லையென்றால் கோழைத்தனம். தீர்ப்பு உறுதியானபிறகு, விடிகிறவரை கைதியோடு இருக்க ஒரு பாதிரியாரை அனுப்புவது வழக்கம். காலையில் துப்பாக்கிகள் வரும். இரவில் பைபிள் வரும்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜூலியன் பிக்கர்ஸ்டெத். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். பிரான்சில், லண்டன் பிராந்தியப் படைப்பிரிவொன்றில் ராணுவப் பாதிரியாராக இருந்தார். கைதிகளோடு கழித்த கடைசி இரவுகளைப் பற்றி இங்கிலாந்திலிருந்த தன் குடும்பத்துக்கு அவர் எழுதினார். அந்தக் கடிதங்களை அவருடைய தாய் மற்றப் பிள்ளைகளின் கடிதங்களோடு சேர்த்துத் தொகுத்துவைத்தார். அத்தொகுப்பிலிருந்து எடுத்து 1995ல் 'பிக்கர்ஸ்டெத் நாட்குறிப்புகள்' என்ற பெயரில் நூலாக்கினார்கள். பதிப்பித்தவரும் அதே குடும்பத்தில் வந்த ஒரு பிஷப்தான். பெயரில் நாட்குறிப்பு என்று இருந்தாலும் பெரும்பகுதி கடிதங்களே.

அதில் ஓர் இடம். கைதி அடைத்துவைக்கப்பட்டிருக்கிற அறையில் பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். காவலர்களும் கூடவே இருக்கிறார்கள். மதம் சார்ந்த பேச்சு எதுவும் அவனிடம் எடுபடவில்லை. ஞானப்பாட்டுகள் மட்டும் அவனைத் தொடுகின்றன. நம்மூர்ச் சபைகளில் பாமாலை என்கிறார்களே, அந்த வகைப் பாட்டுகள். இருவரும் பாடுகிறார்கள். இன்னோர் இடத்தில், கட்டப்பட்டு நிற்கிற கைதி, துணியால் மறைக்கப்பட்ட முகத்தைப் பாதிரியார் பக்கம் திருப்பித் தனக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொல்கிறான். பாதிரியார் கொடுக்கிறார். பிறகு சுடுகிறார்கள்.

முதல் தடவை படித்தபோது என்னால் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியலை. ஆனால் விமர்சகனின் வேலை கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பது இல்லையே. இந்தப் பிரதியை எப்படி வாசிப்பது?

நம்மிடம் இரண்டு தயார் வாசிப்புகள் இருக்கின்றன. ஒன்று பக்தி வாசிப்பு: கொடுமையின் நடுவில் மனிதநேயம் வென்றது, ஒரு நல்ல மனிதர் கடைசிவரை கூட நின்றார். மற்றொன்று நம் வட்டத்து வாசிப்பு. அல்தூசர் 1970ல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, கருத்தியல் அரசு எந்திரமும் ஒடுக்குமுறை அரசு எந்திரமும் ஒரே முற்றத்தில் கைகோத்து நிற்கின்றன பார் என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவது. கைதி திமிறாமல் கம்பத்துக்கு நடந்துபோக வேண்டும், அதற்குத்தான் பாட்டு. சுடுகிற சிப்பாய்களின் கை நடுங்கக் கூடாது, அதற்குத்தான் ஜெபம். இது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்படிச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சா? இரண்டு வாசிப்புமே முற்றத்தில் நடந்ததைப் பற்றித்தான் பேசுகின்றன. நம் கையில் இருப்பதோ முற்றம் அல்ல, ஒரு கடிதம். யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்த வழியாகப் போனது என்ற கேள்விகளை இரண்டு வாசிப்புகளும் கேட்கவில்லை.

கேட்டுப் பார்ப்போம். அந்தப் போரில் வாரத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் பிரிட்டிஷ் ராணுவத் தபால் வழியாகப் போய்வந்தன. ஆனால் எழுதும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய சொந்தப் பிரிவின் அதிகாரியே பிரித்துப் படித்துத் தணிக்கை செய்வார். காலையில் தனக்கு உத்தரவிடுகிறவர் சாயங்காலம் தன் மனைவிக்கு எழுதியதைப் படிப்பார் என்று தெரிந்துகொண்டே அவன் எழுத வேண்டும். அவசரத்துக்கு அச்சடித்த அட்டை ஒன்று உண்டு. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்று வரிகள் தயாராக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போடலாம். கூட ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். பால் ஃபஸ்ஸல் 1975ல் வெளியான தன் நூலில் இந்த அட்டையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அதிகாரியின் கடிதம் வேறு. அவர் கனவான். ரகசியம் எதையும் எழுதவில்லை என்று அவரே உறுதிசொல்லி உறையை ஒட்டிவிடலாம். மேல்மட்டத் தணிக்கை எப்போதாவது பிரித்துப் பார்த்தால் உண்டு. ராணுவப் பாதிரியார் ஆயுதம் ஏந்தாதவர், ஆனால் அதிகாரித் தகுதி உள்ளவர். கீழ்நிலைப் பாதிரியாருக்கே காப்டன் அந்தஸ்து. ஆக, ஒரு சிப்பாயை அவனுடைய ராணுவமே கொன்ற கதையை ஒருவர் முழுசாக எழுதி வீட்டுக்கு அனுப்ப முடிந்ததென்றால், அவருடைய மனசு மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அவருடைய பதவியும் காரணம். சுடுகிற சிப்பாய்களும் அதே காலையைப் பார்த்தவர்கள்தான். அவர்களுடைய எழுத்தைத் தணிக்கைக்காரர் கடந்துதான் வீடு பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த வீடு? பிக்கர்ஸ்டெத் வீடு எழுத்தும் சபையும் கலந்த வீடு. அப்பா லீட்ஸ் நகரத்தில் குருவானவராக இருந்து கேன்டர்பரி பேராலயத்துக்குப் போனவர். தாத்தா எக்ஸெட்டர் பிஷப், ஞானப்பாட்டு எழுதியவர், பாட்டுப் புத்தகமே தொகுத்தவர். அந்தத் தாத்தாவின் பேரன்தான் கைதியோடு உட்கார்ந்து விடியவிடியப் பாடுகிறான். இந்த வீட்டுக்கும் சாவு வந்தது. ஜூலியனின் தம்பி மாரிஸ், வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டின் 15வது படைப்பிரிவில் அதிகாரி. 1916 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாளில் இறந்தார். அன்று ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்தார்கள். மாரிஸுக்கு அவருடைய அப்பாவே ஒரு நினைவு நூல் எழுதினார். அந்த வீட்டில் எழுத்தாக மாறாத சாவு இல்லை.

இனி அதே ரெஜிமென்டைச் சேர்ந்த இன்னொரு வீட்டுக்குப் போவோம். ஹாரி ஃபார், வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டின் 1வது படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாய். குண்டு அதிர்ச்சியால் 1915ல் ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். அப்போது வீட்டுக்கு வந்த கடிதங்களில் கையெழுத்து அவருடையதாக இல்லை. கை நடுங்கியதால் பேனாவைப் பிடிக்க முடியாமல் நர்ஸை எழுதவைத்திருக்கிறார். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் அவருடைய மனைவி கெர்ட்ரூட். அப்படிப்பட்ட ஆளைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், இனி என்னால் முடியாது என்று முன்வரிசைக்குப் போக மறுத்தார். அக்டோபர் 2 அன்று ராணுவ நீதிமன்றம். அவருக்காக வாதாட யாரும் இல்லை. அக்டோபர் 18 விடிகாலையில் சுட்டுவிட்டார்கள். வயது 25.

கெர்ட்ரூடுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. கோழைத்தனத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சுடப்பட்டார் என்று அதில் இருந்தது. விதவை ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. கெர்ட்ரூட் அந்தக் காகிதத்தை யார் கண்ணிலும் படாமல் மறைத்தார். அப்பா எப்படிச் செத்தார் என்பது மகளுக்கே நடுவயதில்தான் தெரியவந்தது. ஆனால் ஹாரியின் கடைசி நேரத்தில் கூட இருந்த பாதிரியாரிடமிருந்து வேறொரு செய்தியும் வந்தது. கண்ணைக் கட்ட வேண்டாம் என்று ஹாரி மறுத்துவிட்டார், அவரைவிட நல்ல சிப்பாய் இருந்ததில்லை என்பதே அந்தச் செய்தி.

ஒரே நிறுவனத்திலிருந்து ஒரே பெண்ணுக்கு இரண்டு செய்திகள். கோழை என்கிறது ஒன்று. இவரைவிட நல்ல சிப்பாய் கிடையாது என்கிறது மற்றது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது?

இருக்க முடிந்தது, ஏனென்றால் இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்ளவில்லை. மரண தண்டனைக் கோப்பு எப்படிப் போகும் என்று பாருங்கள். நீதிமன்றத்திலிருந்து பிரிகேட் தளபதி, அவருக்கு மேல் டிவிஷன், பிறகு கோர், பிறகு ஆர்மி, கடைசியில் படைத்தலைவர் ஹெய்க். ஒவ்வொரு படியிலும் ஓர் அதிகாரி தன் கருத்தை எழுதி மேலே அனுப்புவார். பெரும்பாலான தண்டனைகள் இந்தப் படிகளில் ஏறும்போதுதான் குறைக்கப்பட்டன. அதாவது மேலே போகிற ஒரு சொல்லுக்கு உயிரைக் காப்பாற்றும் சக்தி இருந்தது. அந்தப் படிக்கட்டில் பாதிரியாருக்கு ஒரு படியும் கிடையாது. எல்லாம் முடிவானபிறகு, இனி எந்தச் சொல்லும் எதையும் மாற்றாது என்ற இடத்தில்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். அங்கே அவர் அந்த ஆளைப் பார்க்கிறார், நீதிமன்றம் பார்க்காத அளவுக்குப் பார்க்கிறார். அந்த அறிவுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது. அது வீட்டுக்குப் போகிற தபால்.

இதுதான் நான் சொல்ல வந்தது. பாதிரியாரின் கடிதத்தில் பொய் இல்லை. அதன் திசையில்தான் பிரச்சினை இருக்கிறது. உண்மை கீழ்நோக்கி, பக்கவாட்டில், குடும்பத்துக்குப் போகலாம். மேலே போக முடியாது. ஃபூக்கோ எழுபதுகளின் கடைசியில் மேய்ப்பன் அதிகாரம் என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். மந்தையை மொத்தமாக ஆள்வது மட்டும் அல்ல, ஒவ்வோர் ஆட்டின் உள்மனசையும் தனித்தனியே தெரிந்துகொள்கிற அதிகாரம் அது. ராணுவம் அந்த மேய்ப்பனை வைத்துக்கொண்டது. அவனுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு கைதியின் கடைசி முத்தம்வரை அறிந்த ஆள் கூடவே இருந்தார். அந்த அறிவு கோப்புக்குள் வராமல் குடும்பத்தின் தொகுப்புக்குள் போனது. இரக்கத்தை யாரும் தடைசெய்யவில்லை. அதற்கு ஒரு முகவரி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இங்கே என் வாதத்தை நானே மறித்தாக வேண்டும். திசை தவறிய உண்மை வீண் என்று சொல்லிவிட முடியுமா? கெர்ட்ரூட் அந்தப் பாதிரியாரின் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். ராணுவம் ஒரு சொல்லால் கொன்ற கணவனை அவர் இன்னொரு சொல்லால் வைத்துக்கொண்டார். எழுபத்தைந்து ஆண்டு மூடிவைத்த விசாரணைக் கோப்புகள் தொண்ணூறுகளில் திறந்தபிறகு அந்தக் குடும்பம் நீதிமன்றம்வரை போனது. 2006 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு, இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு அறிவித்தது. அதைப் பார்க்கக் கெர்ட்ரூட் உயிரோடில்லை. அவருடைய மகளுக்கு அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போன சொல் தொண்ணூறு வருஷம் கழித்து வீட்டிலிருந்து புறப்பட்டு மேலே ஏறியது. ஏற்றியவர்கள் பெண்கள். எந்தப் பாதிரியாரும் இதைத் திட்டமிடவில்லை. பிரதி எழுதியவனின் கையை விட்டுப்போன பிறகு என்ன செய்யும் என்பது எழுதியவனுக்குத் தெரியாது என்று நாம் சும்மா தத்துவமாகச் சொல்கிறோம். இங்கே அது ரத்தமும் சதையுமாக நடந்திருக்கிறது.

ஆனால் அந்த மன்னிப்பையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த மன்னிப்பு, குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் ரத்துசெய்யவில்லை. அதாவது நீ குற்றவாளிதான், ஆனாலும் மன்னித்தோம். தமிழில் பாவமன்னிப்புக்கும் அரசு மன்னிப்புக்கும் ஒரே சொல்தான். கைதிக்கு அன்று இரவு பாதிரியார் கொடுக்க வந்ததைத்தான் தொண்ணூறு வருஷம் கழித்து அரசும் கொடுத்திருக்கிறது. யார் யாரை மன்னிப்பது? கட்டிவைத்துச் சுட்டவன் அல்லவா கேட்க வேண்டும்!

கடைசியாக, நம்மைப் பற்றி. ஜூலியன் பிக்கர்ஸ்டெத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்குச் சுலபம். அவர் உட்கார்ந்திருந்த அறையில் ஒரு நிமிஷம்கூட நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் அவருடைய கடிதத்தின் வடிவம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. உண்மையறியும் குழுவில் போகிறோம், சாவு நடந்த வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம், அழுகையைக் கேட்கிறோம். திரும்பி வந்து எழுதுகிறோம். யாருக்கு? நமக்குள்தான். நம் இதழுக்கு, நம்மைப்போலவே நினைக்கிற ஐந்நூறு பேருக்கு. அவர்கள் படித்துக் கலங்குகிறார்கள், பத்திரமாகக் கட்டிவைக்கிறார்கள். கோப்பு அது பாட்டுக்கு வேறு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் எழுதுவதிலும் பொய் இல்லை. நாமும் வீட்டுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.