யோசேப்பின் களஞ்சியமும் கல்வராயன் உழவரும்

அறுப்பின் பண்டிகை நாளில் நம் ஆலயங்களில் நெற்கதிரும் கரும்பும் பூசணியும் மரவள்ளிக் கிழங்கும் பீடத்தருகே குவிகின்றன. ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படுகின்றன. அன்று திருப்பணியாளர் விரும்பி எடுத்தாளும் பகுதிகளுள் ஒன்று ஆதியாகமம் 41 ஆம் அதிகாரம். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, பஞ்ச காலத்தில் உயிர்களைக் காத்த யோசேப்பு, உண்மையுள்ள உக்கிராணக்காரராகவும் கிறிஸ்துவுக்கு முன்னடையாளமாகவும் காட்டப்படுகிறார். நாமும் பல ஆண்டுகள் இவ்வாறே பிரசங்கித்தோம். மாணவர்க்கும் இவ்வாறே கற்பித்தோம். அவ்விளக்கம் பொய்யன்று. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அதே வரலாற்றின் முடிவு 47 ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதனை நாம் பீடத்திலிருந்து வாசிப்பது அரிது. பஞ்சத்தில் எகிப்தின் உழவர் முதலில் பணத்தைக் கொடுக்கின்றனர். அடுத்துக் கால்நடைகளைக் கொடுக்கின்றனர். முடிவில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்கின்றனர். அவர்கள் வாங்கியது அவர்களுடைய வயல்களில் விளைந்த தானியமே என்பதைக் கவனிக்கவேண்டும். பின்னர் விதை வழங்கப்படுகிறது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு என்றென்றும் பார்வோனுக்கு உரியதாகிறது. 21 ஆம் வசனத்தில், மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர் என எபிரேய மூலம் கூறுகிறது. அடிமைகளாக்கப்பட்டனர் எனச் செப்துவஜிந்தும் சமாரிய மூலமும் கூறுகின்றன. எபிரேயத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு எழுத்துகள் மாறியதால் இவ்வேறுபாடு எழுந்தது என்பர். எப்பாடத்தைக் கொண்டாலும் பொருள் பெரிதும் மாறவில்லை. உயிர் பிழைத்தது, உரிமை போயிற்று.

இப்பகுதியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது? 1976 இல் அரசு ஏற்கும்வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். ஜாகீர் ஒழிந்தபின் பிறந்த தலைமுறையின் நிலங்களில் இன்று மரவள்ளி பெருமளவு பயிராகிறது. சாலைகள் அதனை ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

இவ்விரு பயிர்களின் இயல்பை ஒப்பிட்டாலே உண்மை விளங்கும். உமியோடு கூடிய சாமை குதிரில் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை பிடிக்காவிட்டால் உழவன் அதனை உண்ணலாம், மறு விதைப்புக்கும் வைக்கலாம். மரவள்ளியோ ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தை அடைத்து நிற்கும் பயிர். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். லாரியில் ஏற்றியபின் உழவனுக்குப் பேரம் பேச நேரமில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் அளந்தபின்பே விலை முடிவாகிறது. 1981 இல் சேலத்தில் நிறுவப்பட்ட சேகோசர்வ் ஒரு கூட்டுறவுச் சங்கந்தான். ஆனால் அது ஆலை உரிமையாளரின் கூட்டுறவு, கிழங்கு பயிரிடுவோரின் கூட்டுறவன்று.

கீழே சமவெளியில் மக்காச்சோளத்தின் கதையும் இத்தகையதே. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கவேண்டும். விளைந்தது கோழித் தீவனத்திற்குச் செல்கிறது. 2018 இல் படைப்புழு தமிழகத்து மக்காச்சோள வயல்களைத் தாக்கியபோது, மருந்துச் செலவும் இழப்பும் முதலில் உழவன் தலையிலேயே விழுந்தன. விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை 2001 ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் ஏற்கிறது. ஆயினும் எடுத்து வைத்து விதைத்தால் முன்போல் விளையாத விதைக்கு முன் அவ்வுரிமையால் பயன் யாது?

பழைய தானியத்தைப் புகழ்ந்து பேசுவது நமக்கு எளிது. சாமையை உரலில் குத்தியவர்கள் பெண்கள்; அவ்வுழைப்பின் கடுமையை நாம் அறியோம். பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் ரொக்கம் வேண்டியே உழவர் மரவள்ளிக்கு மாறினர். நியாயவிலைக் கடை அரிசியும் பல வீடுகளில் பட்டினியைத் தடுத்திருக்கிறது. அதனை இகழ்வது யோசேப்பின் களஞ்சியத்தை இகழ்வதுபோல் நன்றிகெட்ட செயல். நம் கேள்வி வேறு: உண்பவன் பசியாறினான் என்பதோடு நீதி நிறைவேறிவிட்டதா?

1996 இல் ரோமாபுரியில் உலக உணவு மாநாடு கூடியபோது, வியா கம்பெசினா என்னும் உலக உழவர் இயக்கம் இக்கேள்வியை எழுப்பியது. உணவு கிடைப்பது மட்டும் போதாது. எதனை, எவ்வாறு விளைவிப்பது எனத் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கு வேண்டும் என்றது. இதனைத் தமிழில் உணவு இறையாண்மை என்கிறோம். இறையாண்மை கடவுளுக்கே உரியது எனக் கற்பிக்கும் நாம் இச்சொல்லைக் கேட்டுத் தயங்கலாம். ஆனால் நிலம் கர்த்தருடையது என்னும் லேவியராகமம் 25 இன் போதனை, நிலத்தை நிரந்தரமாக விற்பதையே தடுக்கிறது. கடவுளின் இறையாண்மை அங்கே உழவனின் உரிமைக்கு எதிரியாகவன்று, அரணாக நிற்கிறது. பார்வோனின் இறையாண்மையோடுதான் அதற்குப் பகை. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் பார்வோனுக்குப் பண்டகசாலைப் பட்டணங்களைக் கட்டிய அடிமைகள் யார்? யோசேப்பின் சொந்த இனத்தாரே.

47 ஆம் அதிகாரத்தில் நம்மைச் சுடும் வசனம் இன்னும் ஒன்று உண்டு. எல்லாருடைய நிலமும் போனபோது ஆசாரியர் நிலம் மட்டும் போகவில்லை. பார்வோன் அவர்களுக்குப் படி அளந்தான். படி பெற்றவர்கள் பேசியதாக அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. மாதச் சம்பளம் பெறும் நாம் 41 ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுவாக இருக்குமோ?

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்து வாசிப்போமாக. பிரசங்கம் எழுதுமுன் சபையிலுள்ள உழவர் ஒருவர் வீட்டிற்குச் சென்று, இவ்வாண்டு விதை எங்கிருந்து வந்தது, விலையை யார் சொன்னது, வீட்டில் உண்ண என்ன மிஞ்சியது எனக் கேட்போமாக. பீடத்தருகே வைக்கப்படும் கிழங்கிற்கு ஏலத்தில் நல்ல விலை கேட்கும் சபை, வயலில் நிற்கும் கிழங்கிற்கும் நல்ல விலை கேட்கக் கடமைப்பட்டுள்ளது.